ஸ்ரீநகரில் மேகம், ஏரியூரில் தழை

பெங்களூர் விமான நிலையத்துக்கு நான் மூன்று முறை போயிருக்கிறேன். மூன்றும் ஒரே வாரத்தில். ஒரு தடவைகூட விமானத்துக்குள் காலெடுத்து வைக்கவில்லை. நான் போனது முட்டை வாங்க.

எழுபதுகளின் முற்பகுதி அது. தர்மபுரியில் பட்டு ஆபீசில் செயல்விளக்க உதவியாளராக இருந்தேன். ஊர்க்காரர்கள் அந்தப் பெயரைச் சொன்னதே இல்லை. "புழு சாரு" என்பார்கள். மல்பெரி பயிரிட்டிருப்பவர்களின் வீடுகளுக்குச் சைக்கிளில் போய், பட்டுப்புழுவுக்கு எப்படித் தழை நறுக்கிப் போடுவது, தட்டை எப்படிக் கழுவுவது, நோய் வந்த புழுவை எப்படிப் பொறுக்கி எறிவது என்று காட்டுவது என் வேலை.

அதுவரை எங்கள் பக்கம் வளர்த்ததெல்லாம் மஞ்சள் கூடு கட்டும் நாட்டு இனம். நூல் நீளம் குறைவு. குளிர்நாட்டு இனம் வெள்ளையாகக் கூடு கட்டும், நூலும் நீளமாக வரும். அந்த முட்டை காஷ்மீரில் ஒரு மலைப் பண்ணையில் கிடைக்கிறது, விமானத்தில் அனுப்புவார்கள், உங்கள் மாவட்டத்தில் ஒரு தோட்டத்தில் போட்டுப் பாருங்கள் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. எங்கள் ஆபீசர் அதை இரண்டு தரம் படித்தார். விமானம் என்று வந்த இடத்தில் சிவப்புப் பென்சிலால் கோடு போட்டார்.

"நம்ம ஆபீசுக்கு ஏரோப்ளேன்ல சாமான் வர்றது இதான்யா முதல் தடவ. எங்கயும் தப்பு வரக் கூடாது" என்றார்.

தப்பு எங்கே வரும் என்று அன்றைக்கு அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

தோட்டத்துக்கு நான் தேர்ந்தெடுத்தது ஏரியூர்ப் பக்கத்தில் ஒரு அம்மாவை. நாற்பது வயதிருக்கும். வீட்டில் கன்னடம் பேசுவார்கள், வெளியில் தமிழ். கணவர் மேட்டூரில் ஆலை வேலை; மாதத்துக்கு இரண்டு நாள் வந்து போவார். தோட்டம், கிணறு, புழு எல்லாம் அந்த அம்மா கையில்தான். அவரைச் சம்மதிக்க வைக்க எனக்கு ஏழெட்டுத் தடவை சைக்கிள் மிதிக்க வேண்டியிருந்தது.

"வெள்ளக் கூடுன்னு சொல்றீங்க. இங்கத்த வெயிலுக்கு அது தாங்குமுங்களா சாரு?"

"தையில வெயில் ஏதுக்கா? குளிர்காலத்துக்குன்னே கணக்குப் பண்ணித்தான் வரவழைக்கிறோம்."

"எப்ப வரும்னு நாளு சொல்லுங்க. அந்த நாளுக்குத் தழ தயாரா இருக்கணுமில்ல?"

அது நியாயமான கேள்வி. மல்பெரிச் செடியின் கிளைகளை வெட்டிக் கவாத்து செய்துவிட்டால், துளிர்த்து, புழுக்குஞ்சு தின்கிற பதத்துக்கு வர நாள் கணக்கு உண்டு. அந்தப் பதம் ஒரு வாரம்தான் நிற்கும். பிறகு இலை முற்றிவிடும். நான் ஆபீசரைக் கேட்டு, அவர் காஷ்மீருக்கு எழுதி, பதில் வந்து, தை மாதத்தில் ஒரு வியாழக்கிழமையைச் சொன்னேன். அந்த அம்மா அந்த நாளை வைத்துக் கவாத்து செய்தார். கிணற்றில் இருந்த தண்ணீரை ராகிக்குக் காட்டாமல் மல்பெரிக்குப் பாய்ச்சினார். வீட்டில் இருந்த பெரிய அறையைக் காலி செய்து, சுண்ணாம்பு அடித்து, மூங்கில் தட்டுகளைச் சாணம் மெழுகிக் காயவைத்தார். நெல் மூட்டையையும் ரேடியோவையும் சமையலறைக்குத் தள்ளிவிட்டார்.

முட்டையைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். அது தாளில் ஒட்டிய கடுகுப் பொட்டு மாதிரி இருக்கும். குளிரறையில் இருக்கும்வரை தூங்கும். வெளியே எடுத்துவிட்டால் பத்துப் பதினோரு நாளில் பொரிந்தே தீரும்; வழியில் குளிர் பட்டால் இரண்டு மூன்று நாள் தள்ளும், அவ்வளவுதான். நடுவில் நிறுத்த முடியாது. பொரிந்த குஞ்சுக்கு அன்றே தழை வேண்டும். முந்தின வாரம் செவ்வாயன்று குளிரறையிலிருந்து எடுத்துவிட்டோம் என்று காஷ்மீரிலிருந்து தந்தி வந்தது. புதன்கிழமை இன்னொரு தந்தி: பெட்டி விமானத்தில் அனுப்பப்பட்டது, வியாழன் பெங்களூரில் பெற்றுக்கொள்ளவும்.

வியாழக்கிழமை விடியற்காலை பஸ் பிடித்துப் போனேன். சட்டைப்பையில் ஆபீசர் கையெழுத்துப் போட்ட கடிதம், கையில் பெட்டியைச் சுற்ற நனைத்த கோணிச் சாக்கு. விமான நிலையத்தில் சரக்குக் கொட்டகை தனியாகப் பின்பக்கம் இருந்தது. அதைக் கண்டுபிடிக்கவே அரை மணி நேரம் ஆயிற்று. கம்பி வலைக்குப் பின்னால் ஒரு குமாஸ்தா உட்கார்ந்திருந்தார். ஐம்பதை ஒட்டிய வயது, ஸ்வெட்டர், மூக்குக் கண்ணாடி. கடிதத்தைப் படித்தார். பேரேட்டைப் புரட்டினார்.

"பந்தில்லா" என்றார் கன்னடத்தில். வரவில்லை.

"நேத்தே அனுப்பிட்டதா தந்தி இருக்குதுங்களே."

அவருக்குத் தமிழும் வந்தது. "அவங்க ஏர்போர்ட்ல கொண்டுபோய்க் குடுத்துட்டு, அனுப்பிட்டோம்னு தந்தி அடிச்சிருப்பாங்க. பிளேன் வந்து எடுத்தாத்தானே சார் வரும்?"

"பிளேன் வரலையா?"

அவர் பொறுமையாக எனக்கு விளக்கினார். ஸ்ரீநகர் மலைகளுக்கு நடுவே பள்ளத்தில் இருக்கிறது. டில்லியிலிருந்து போகும் விமானம் மலையைத் தாண்டி உள்ளே இறங்க வேண்டும். கீழே தரை கண்ணுக்குத் தெரிந்தால்தான் விமானி இறக்குவார். மேகம் மூடியிருந்தால் மேலேயே இரண்டு சுற்று சுற்றிவிட்டு வந்த வழியே திரும்பிவிடுவார். ஆட்களோடும் சாமானோடும் போய், அதே ஆட்களோடும் சாமானோடும் டில்லியில் இறங்குவார். இப்போது மூன்று நாளாக அப்படித்தான் நடக்கிறதாம்.

"மேகம் எப்ப விலகும்?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நாளெ பன்னி" என்றார். நாளைக்கு வாங்க.

எனக்கு அந்த மனிதர்மேல் கோபம் வரவில்லை. அந்தத் தந்திமேல்தான் வந்தது. அனுப்பினோம் என்ற ஒரு சொல்லை நம்பி ஒரு பொம்பளை கிணற்றைக் காலி செய்திருக்கிறாள். நனைத்த சாக்கைப் பிழிந்து சுருட்டிக்கொண்டு அன்றே திரும்பினேன். தர்மபுரியில் இறங்கி, ஆபீசரிடம் சொல்லிவிட்டு, மறுநாள் காலை ஏரியூர் போனேன்.

அந்த அம்மா வாசலிலேயே நின்றிருந்தார். என் கையைப் பார்த்தார். கை வெறுமையாக இருந்தது.

"மேகமாம்க்கா. பிளேன் எறங்க முடியலையாம்."

அவர் தலையைத் தூக்கி வானத்தைப் பார்த்தார். துடைத்துவிட்ட மாதிரி நீலமாக இருந்தது. "ஒரு பொட்டு மேகம் இல்லீங்களே சாரு."

"இங்க இல்லக்கா. காஷ்மீர்ல."

"காஷ்மீர்ல மேகம்னா எந்தழ முத்தணுமா?"

அவர் தோட்டத்துக்குக் கூட்டிப்போனார். துளிர் பளபளவென்று, விரலில் கிள்ளினால் சத்தமில்லாமல் அறுகிற பதத்தில் நின்றது. அதைவிட நல்ல தழையை நான் என் சர்வீசில் அதற்கு முன் பார்த்ததில்லை. அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு எரிச்சல் கூடியதே தவிரக் குறையவில்லை. பக்கத்துத் தோட்டத்துக்காரர் தன் புழுவுக்கு அந்தத் தழையைக் கேட்டாராம். எனக்காக அந்த அம்மா தரமாட்டேன் என்று சொல்லியிருக்கிறார்.

சனிக்கிழமை தர்மபுரி தபால் ஆபீசில் பெங்களூருக்கு டிரங்க் கால் பதிவு செய்தேன். பெஞ்சில் மூன்று மணி நேரம். இணைப்புக் கிடைத்தபோது எதிர்முனையில் பேசியவர் நான் சொன்னதை "முத்து" என்று புரிந்துகொண்டார். முத்து இல்லை, முட்டை, பட்டு முட்டை என்று கத்தினேன். தபால் ஆபீசில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். கடைசியில் ஒரு தகவல் கிடைத்தது. மேகம் விலகிவிட்டது. பெட்டி டில்லிக்கு வந்துவிட்டது. நாளைக்குப் பெங்களூர் விமானத்தில் வரும்.

ஞாயிற்றுக்கிழமை போனேன். விமானம் வந்தது. நானே கண்ணால் பார்த்தேன்; வெயிலில் மினுக்கிக்கொண்டு இறங்கி, உறுமிக்கொண்டு வந்து நின்றது. ஆட்கள் இறங்கினார்கள். தோல் பெட்டிகள், தபால் மூட்டைகள், ஒரு கிரிக்கெட் மட்டைப் பை எல்லாம் தள்ளுவண்டியில் வந்தன. என் பெட்டி வரவில்லை.

அதே குமாஸ்தா. என்னைப் பார்த்ததும் அவரே எழுந்து ஒரு தாளை எடுத்துப் பார்த்தார். "டில்லியில எறக்கிட்டாங்க சார். பேசஞ்சர் லக்கேஜ் அதிகம். எடை கூடிச்சின்னா சரக்கத்தான் மொதல்ல எறக்குவாங்க."

"ரெண்டு கிலோகூட இருக்காதுய்யா அது! உள்ள உசுரு இருக்குது!"

"உசுருன்னு சீட்டுல போடலியே. விதைன்னு போட்டிருக்காங்க. விதை கெட்டா போவும்?"

எங்கள் துறையில் முட்டையை வித்து என்றுதான் எழுதுவோம். ஆங்கிலத்திலும் விதை என்றே எழுதுவார்கள். அந்த ஒரு பழக்கத்தால் நாற்பதாயிரம் உயிரும் டில்லிக் கொட்டகையில் மிளகாய் விதை மாதிரி கிடந்தது. எப்போது வரும் என்று கேட்டேன். மூணு நாள் ஆகும், புதன்கிழமை பன்னி என்றார்.

அவர் பேச்சை நம்பி ஊருக்குத் திரும்பினேன். திங்கள் மாலை ஆபீசுக்குத் தந்தி வந்தது: பெட்டி இன்று வந்து சேர்ந்துவிட்டது. நான் அங்கேயே ஒரு நாள் கிடந்திருந்தால் கையோடு வாங்கியிருக்கலாம். ஆபீசர் தந்தியை என் முன்னால் நீட்டி, "நீங்க ஏன் திரும்பி வந்தீங்க?" என்று கேட்டார். அன்றைக்கு நான் ராஜினாமா எழுதாமல் இருந்தது, எழுத நேரம் இல்லாததால்தான்.

செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு அந்தக் கம்பி வலைக்கு முன்னால் நின்றேன். பெட்டி இருந்தது. மெல்லிய பலகைப் பெட்டி, நாலு பக்கமும் காற்றுக்குத் துளை, துளைக்கு மேல் மெல்லிய துணி. தேநீர் காய்ச்சும் அடுப்பை ஒட்டிய அலமாரியில் வைத்திருந்தார்கள். முட்டைக்கு அந்தச் சூடு ஆகாது.

கடிதத்தை நீட்டினேன். குமாஸ்தா தயங்கினார். "சார், ஒரு சிக்கல். வெளி மாநிலத்து விதைன்னா விவசாய ஆபீஸ் சர்டிபிகேட் வேணும்னு எங்க சூப்பர்வைசர் சொல்றாரு. பூச்சி இல்லைன்னு எழுதி வாங்கணும்."

"பூச்சி இல்லைன்னா?"

"ஆமா சார். விதையில பூச்சி இல்லைன்னு."

அதுவரை நான் அந்த ஆளிடம் ஒரு சொல் கடுமையாகப் பேசியதில்லை. அன்றும் பேசவில்லை. "பெட்டிய எடுத்து மேஜ மேல வைங்க. தொறந்து பாத்துட்டு நீங்களே சொல்லுங்க" என்றேன். அவர் எடுத்து வைத்தார். ஒரு ஓரத்தில் துணியைத் தூக்கினேன். உள்ளே தாளெல்லாம் கறுப்பாக ஊர்ந்துகொண்டிருந்தது. எறும்புக் குஞ்சு அளவுக்கு, மயிர் மயிராக, தலையைத் தூக்கித் தூக்கி ஆட்டிக்கொண்டு, தழை எங்கே என்று தேடின. பொரிந்துவிட்டன. துணி விலகிய இடத்தில் நாலைந்து வெளியே வந்து குமாஸ்தாவின் பேரேட்டில் ஏறின.

"அய்யய்யோ!" என்று நாற்காலியோடு பின்னால் போனார். "இதென்னய்யா பூச்சி!"

"இதுதான் விதை. பூச்சி இல்லைன்னு எழுதித் தர்ற ஆபீசு எதுன்னு சொல்லுங்க, போய் வாங்கிட்டு வர்றேன்."

சர்டிபிகேட் பேச்சு அதோடு போயிற்று. பேரேட்டில் ஏறியவற்றைத் தாள் நுனியால் எடுத்து உள்ளே விட்டேன். கையெழுத்து வாங்கிக்கொண்டு பெட்டியை அவரே வாசல்வரை தூக்கிவந்து கொடுத்தார். கொடுக்கும்போது மெதுவாகச் சொன்னார்: "நம்ம சைடுலயும் தப்பு இருக்கு சார். சீட்டுல உயிருள்ளதுன்னு எழுதச் சொல்லுங்க, அடுத்த தடவ." அவர் சொன்னது சரி. தலையாட்டிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினேன்.

சேலம் போகும் பஸ்ஸில் முன்பக்கம் உட்கார்ந்தேன். ஓசூர் நெருங்கும்போது பெட்டியைத் திறந்து பார்த்தேன். முதலில் பொரிந்தவை சோர ஆரம்பித்திருந்தன. ஏரியூர் போய்ச் சேரப் பொழுது இறங்கிவிடும், அதுவரை தாங்காது. எழுந்து கண்டக்டரிடம் போனேன். ரோட்டோரம் மல்பெரித் தோட்டம் தெரிந்தால் மூன்று நிமிஷம் நிறுத்த வேண்டும் என்றேன்.

"என்னாத்துக்குங்க?"

பெட்டியைக் காட்டினேன். அவர் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார். பின் சீட்டிலிருந்து ஒருவர், "பஸ்ஸ நிறுத்திப் பூச்சிக்குச் சோறு போடறதா? நல்லாருக்கு நாயம்" என்றார். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் தர்மபுரியில் தோல் வியாபாரம் செய்யும் ஒரு பாய். அவர்தான் கண்டக்டரிடம் சொன்னார்: "பச்சப் புள்ளைக்குப் பால் வாங்கணும்னா நிறுத்துவீங்கல்ல? நிறுத்துங்க. நானும் எறங்கி ஒரு கை பறிக்கறேன்."

சூளகிரிக்கு முன்னால் ஒரு தோட்டத்தருகே பஸ் நின்றது. நானும் பாயும் வரப்பில் இறங்கி நுனித் தளிராகப் பறித்தோம். நாலு கொத்து பறிக்கும் முன்னே தோட்டக்காரர் தெலுங்கில் திட்டிக்கொண்டே ஓடி வந்தார். எனக்கு வந்த கொஞ்சம் தெலுங்கில் புழு, காஷ்மீர், ஏரோப்ளேன் என்று மூன்று சொல்லை மாற்றி மாற்றிச் சொன்னேன். அவரும் புழு வளர்ப்பவர். பஸ் ஜன்னலில் பெட்டியைப் பார்த்தார். திட்டுவதை நிறுத்திவிட்டு, நாங்கள் பறித்ததைப் பிடுங்கிக் கீழே போட்டார். இது முற்றல் என்று சொல்லி, அவரே தோட்டத்துக்குள் போய் மேல் இரண்டு இலையாகக் கிள்ளி ஒரு துண்டு நிறையக் கொண்டுவந்தார். துண்டைத் திருப்பிக் கேட்கவில்லை.

பஸ் ஓடிக்கொண்டிருந்தபோதே மடியில் வைத்து பிளேடால் தழையைப் பொடியாக அரிந்தேன். பாய் பெட்டியை ஆடாமல் பிடித்துக்கொண்டார். தழை விழுந்ததும் குஞ்சுகள் நகர்ந்து வந்து பற்றிக்கொண்டன. நாயம் பேசியவரும் எட்டிப் பார்த்துவிட்டு, "தின்னுதுங்க" என்றார். அன்றைக்கு எனக்கு வந்த ஒரே சந்தோஷம் அதுதான்.

தர்மபுரியில் பஸ் மாறி ஏரியூரில் இறங்கியபோது பொழுது சாய்ந்துவிட்டது. அந்த அம்மா பெட்டியை வாங்கிக்கொள்ளும் முன்னே பேச ஆரம்பித்தார்.

"வியாழக்கெழம வர வேண்டியது. இன்னிக்கு என்னா கெழமைங்க?"

"செவ்வாக்கா."

"எந்தழய வந்து பாருங்க. நுனி தவுர எல்லாம் முத்திப் போச்சு. கெணத்துல தண்ணி இல்ல. ஏரோப்ளேன்ல வருது, ஏரோப்ளேன்ல வருதுன்னீங்க. நடந்து வந்திருந்தாக்கூட..." அதோடு நிறுத்திவிட்டு, பெட்டியைப் பார்த்தார். "சரி, குடுங்க. மொதல்ல உள்ளாற கொண்டு போவலாம். பசியில இருக்குதுங்க."

கோழி இறகால் குஞ்சுகளைத் தட்டில் இறக்கினோம். அப்போதுதான் சேதம் தெரிந்தது. தாள்களில் பாதிதான் பொரிந்திருந்தது. டில்லிக் குளிரும் பெங்களூர் அடுப்பும் சேர்ந்து மற்றவற்றைக் குழப்பிவிட்டிருந்தன. அடுத்த மூன்று நாள், காலையில் கொஞ்சம் கொஞ்சமாகப் பொரிந்துகொண்டே இருந்தன. ஒரு பங்கு கடைசிவரை பொரியவே இல்லை. ஒரே நாளில் பொரிந்தால் ஒரே நேரத்தில் தின்னும், ஒரே நேரத்தில் தோலுரிக்கத் தூங்கும். இங்கே ஒரு தட்டு தூங்கும்போது இன்னொரு தட்டு தழை கேட்டது. அந்த அம்மா ஒரு மாதம் அந்த அறையைவிட்டு நகரவில்லை. "நாலு கல்யாணத்துக்கு ஒத்த ஆளு சமைக்கற மாதிரி இருக்குதுங்க சாரு" என்றார். நானும் ஒரு நாள் விட்டு ஒரு நாள் போய்த் தழை நறுக்கினேன்.

கூடு கட்டியது என்னவோ உண்மை. வெள்ளை வெளேரென்று, விரலால் அழுத்தினால் அமுங்காத கூடு. எதிர்பார்த்ததில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆபீசர் ஜீப்பில் வந்து ஒரு தட்டைப் பிடித்துக்கொண்டு போட்டோ எடுத்துக்கொண்டார். விமானம் மூலம் தருவிக்கப்பட்ட வித்து வெற்றிகரமாக வளர்க்கப்பட்டது என்று அறிக்கை போயிற்று. அதே வாரம் எனக்கு மேலிடத்திலிருந்து ஒரு மெமோ வந்தது. முன் அனுமதியில்லாமல் மூன்று முறை வெளி மாநிலம் சென்றது ஏன் என்று ஏழு நாளுக்குள் விளக்கம் கேட்டிருந்தது. நான் இரண்டு வரி எழுதினேன். முதல் முறை மேகம், இரண்டாம் முறை எடை, மூன்றாம் முறை முட்டை. ஆபீசர் அதைக் கிழித்துப் போட்டுவிட்டு, ஒழுங்காக எழுதித் தரச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன்.

மறு வருஷமும் காஷ்மீருக்கே எழுதலாம் என்றார் ஆபீசர். நான் மறுத்தேன். குன்னூர்ப் பக்கம் மலையில் ஒரு பண்ணை அதே இன முட்டை தயாரிக்கிறது என்று கேள்விப்பட்டிருந்தேன். பஸ்ஸில் நானே போய் மடியில் வைத்துக் கொண்டுவருகிறேன் என்றேன். பஸ்ஸா என்று அவருக்கு மனசே இல்லை. இரண்டு வாரம் இழுத்துவிட்டுச் சம்மதித்தார்.

கொண்டை ஊசி வளைவுகளில் எனக்கு வாந்தி வந்தது. பெட்டியைக் கீழே வைக்கவில்லை. மேட்டுப்பாளையத்தில் பஸ் மாறி, சேலத்தில் மாறி, தர்மபுரியில் மாறி, மறுநாள் மதியம் ஏரியூரில் இறங்கினேன். சொன்ன நாள், சொன்ன நேரம். ஆறாம் நாள் காலை எல்லாத் தாளும் ஒன்றாகப் பொரிந்தன.

அந்த அம்மா குனிந்து ஒவ்வொரு தட்டாகப் பார்த்தார். ஒரு வார்த்தை பாராட்டவில்லை. நிமிர்ந்து கூடையை என் கையில் கொடுத்தார்.

"இன்னிக்குப் பறிக்க ஆளு வரல சாரு. மேக்கால ரெண்டு சாலு நீங்க பறிச்சுருங்க."

சட்டையைக் கழற்றி வேலியில் போட்டுவிட்டு மேற்கு வரிசைக்குப் போய்ப் பறித்தேன்.